வாசல் தேடி வரும் உணவு: தனித்து வாழும் முதியோரின் குடும்பத்தினருக்கு

முதியவர் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அனுப்பும் நாளில், மாத்திரைகளைப் பற்றி நாங்கள் நெடுநேரம் பேசுகிறோம். உணவைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. “உப்பைக் குறையுங்கள், இனிப்பைத் தவிருங்கள், வேளை தவறாமல் சாப்பிடுங்கள்” என்பதோடு முடித்துவிடுகிறோம். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, எரிந்தால் யார் எரிக்கிறார் என்று கேட்பதில்லை. இந்தக் குறையை உணர்ந்தே இவ்விதழின் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நம் கடற்கரையில் தனித்து வாழும் முதியோர் பலர். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியா, சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ பிழைப்புத் தேடிச் சென்றுவிட, பெரிய வீட்டில் தாய் மட்டும் இருக்கிறார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த மூதாட்டிகள் ஓரறைக் குடிலில் இருக்கிறார்கள். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மழை பொய்த்த ஊர்களிலிருந்து இளையோர் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். வசதியில் இவர்களுக்குள் பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும் ஒருவருக்காக மட்டும் உலை வைக்க மனம் வராமை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. “எனக்கு ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது?” என்று அவர்கள் கேட்பதை நாங்கள் அடிக்கடி கேட்டிருக்கிறோம். காலையில் தேநீரும் பொறையும், மதியம் கொஞ்சம் சோறும் ரசமும், இரவில் மீண்டும் தேநீர் என்று நாட்கள் கழிகின்றன.

பிள்ளைகள் இதை அறிந்து, அண்டை வீட்டுப் பெண்ணிடமோ அருகிலுள்ள மெஸ்ஸிலோ சொல்லி உணவு ஏற்பாடு செய்கிறார்கள். துபாயிலிருந்து கைபேசி வழியே மாதப் பணம் வந்துவிடுகிறது. மதியம் பன்னிரண்டரைக்குத் தூக்குவாளியோ பார்சலோ வாசலுக்கு வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். இத்தொழிலில் எத்தனையோ பெண்கள் தம் வீட்டுச் சமையலறையிலிருந்தே குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் உணவு வாசலுக்கு வருவதும் அது வயிற்றுக்குள் செல்வதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் வார்டில் கண்டு வருகிறோம்.

மாத்திரை முந்தியதால் வந்த கேடு

எங்களிடம் மீண்டும் மீண்டும் வரும் நிலை ஒன்றைச் சொல்கிறோம். எழுபதைக் கடந்த சர்க்கரை நோயாளி ஒருவர், “காலை உணவுக்கு முன்” என்று சீட்டில் எழுதியிருப்பதால் ஏழு மணிக்கே மாத்திரையை விழுங்கிவிடுகிறார். வழக்கமாக எட்டு மணிக்கு வரும் இட்லி அன்று வரவில்லை. வண்டி பழுதாகியிருக்கலாம், உணவு கொண்டுவரும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கலாம். பத்து மணிக்கு அவர் வந்து பார்க்கையில், முதியவர் வியர்த்து நனைந்து, பேச்சுக் குழறி, யாரென்று அறியாமல் விழிக்கிறார். பார்ப்பவர்கள் பக்கவாதம் என்றே எண்ணுவார்கள். பல வேளைகளில் அது இரத்தச் சர்க்கரைத் தாழ்வு.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு ஆகிய மாத்திரைகளும் இன்சுலினும் உணவு வராவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உண்போருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆதலால் தங்கள் பெற்றோர் எந்த மாத்திரையை உண்கிறார் என்பதைக் குடும்பத்தார் பெயரோடு அறிந்திருத்தல் வேண்டும். பிறர் கொண்டுவரும் உணவை நம்பியிருப்போருக்கு நாங்கள் கூறும் விதி எளியது: உணவு கண்முன் வந்து, மூடி திறந்து, தட்டில் இருந்தால்தான் மாத்திரை, இன்சுலினும் அவ்வாறே. சில வகை இன்சுலினை உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டும் எனில், உணவு வீட்டிற்குள் வந்த பிறகே அந்த அரை மணியைக் கணக்கிட வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்தவர் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை தம்ளர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வரவில்லையெனில் மீண்டும் அதே அளவு கொடுக்க வேண்டும். தெளிந்தபின் உணவும் கொடுக்க வேண்டும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் உண்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன் தராது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் தூள் இருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைப்பதே வழி. மாத்திரையால் வந்த தாழ்வு, தெளிந்த சில மணி நேரத்திற்குப் பின் திரும்பவும் வரக்கூடும். எனவே தெளிந்துவிட்டார் என்று அவரைத் தனியே விட்டுவிடலாகாது, மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும்.

ஒரு வேளை மூன்று வேளையாவது

அடுத்து நாங்கள் காண்பது, அமைதியாக நிகழ்வதால் எளிதில் தெரியாதது. மதியம் வரும் ஒரு சாப்பாட்டை முதியவர் மூன்றாகப் பிரிக்கிறார். மதியம் ஒரு பங்கு, இரவுக்கு ஒரு பங்கு, மறுநாள் காலைக்கு ஒரு பங்கு. வறுமையினால் மட்டுமன்று, சோற்றை வீணாக்கலாகாது என்ற பழக்கத்தினாலும் இவ்வாறு செய்கிறார்கள். வாசலில் காத்திருக்கும் பூனைக்கும் ஒரு பங்கு போவதுண்டு. மகன் தொலைபேசியில் “சாப்பாடு வந்ததா அம்மா?” என்று கேட்கிறார், “வந்துச்சுப்பா” என்ற பதில் உண்மையே. ஆனால் கேள்வி போதவில்லை. என்ன குழம்பு, காய் எது, எவ்வளவு மீந்தது என்று கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

ஐம்பது கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் புரதம் தேவை என்பது இன்றைய முதியோர் மருத்துவத்தின் பொதுக் கருத்து; சிறுநீரக நோய் முற்றியவருக்கு அளவு வேறு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அதே அளவு, 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை உண்டு. ரசச் சோற்றையும் தேநீரையும் மட்டும் உண்பவர் இத்தேவையில் பாதியைக்கூட எட்டமாட்டார். அதன் விளைவாகத் தசை கரைகிறது. தசை கரைந்தவர் தடுமாறி விழுகிறார். விழுந்தவர் இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வருகிறார்.

எடைக்கருவி இல்லாத வீட்டிலும் மெலிவை அறியலாம். இரவிக்கை தொளதொளத்தல், வளையல் முழங்கை வரை ஏறுதல், பொய்ப்பல் வாயில் ஆடுதல் ஆகியவை அடையாளங்கள். கெண்டைக்காலின் பருத்த பகுதியைத் தையற்காரரின் நாடாவால் அளந்து, 31 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஊட்டக் குறைவை ஐயுற வேண்டும். கருவி இருக்கும் வீட்டில், ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை தானாகக் குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் 47.5 கிலோவுக்கு வந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதானால் மெலிவது இயற்கை என்று விட்டுவிடுதல் தவறு.

சோறு கொண்டு செல்லும் வழக்கம் புதிதன்று

சமைத்த உணவை முதியோரின் வீட்டிற்குக் கொண்டு செல்லும் முறை பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், பெண் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1954-இல் பிலடெல்பியா நகரில் தொடங்கியபோது உணவு சுமந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். சிங்கப்பூரில் தொண்டு நிறுவனங்கள் இன்றும் இதைச் செய்கின்றன. சப்பானில் உணவு கொண்டுவருபவரே முதியவர் நலமாக இருக்கிறாரா என்று பார்த்துத் தெரிவிப்பதும் பல ஊர்களில் அப்பணியின் ஒரு பகுதி.

நம் மாநிலத்தில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு சத்துணவு மையமே. 1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த அத்திட்டத்தைக் குழந்தைகளுக்கானது என்றே பலரும் அறிவர். 1983 சனவரியிலிருந்து முதியோர் உதவித்தொகை பெறுவோரும் அங்கு மதிய உணவு உண்ணலாம் என்பதை எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலர் அறியாதிருக்கிறார்கள். மையத்தில் உண்போருக்கு மாதம் 2 கிலோவும், உண்ணாதோருக்கு 4 கிலோவும் அரிசி இலவசமாக வழங்கும் விதியும் உண்டு. உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். நாளொன்றுக்கு 40 ரூபாய். இத்தொகையில் மூன்று வேளை உணவை விலைக்கு வாங்க இயலாது என்பதால், மையத்தின் ஒரு வேளைச் சோறும் பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் அங்கு நடந்து செல்ல வேண்டும். மூட்டு வலியோடு மணற்பாதையில் சித்திரை வெயிலில் நடக்க முடியாதவருக்கு அந்தச் சோறு எட்டாது. இராமேசுவரம் இராமநாதசுவாமி திருக்கோயிலின் அன்னதானத்திற்கும் இதுவே தடை.

அண்மைக் காலத்தில் அரசின் சேவைகள் சில வாசலுக்கே வந்துள்ளன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறது. 2025 ஆகஸ்டு 12 அன்று, தொடக்கத்தில் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாக அறிமுகமான ‘தாயுமானவர்’ திட்டம் குடிமைப் பொருட்களை வீட்டிற்குக் கொண்டுவருகிறது. மாத்திரை வருகிறது, அரிசியும் வருகிறது. அரிசியைச் சோறாக்கும் கை மட்டும் இல்லை. அதைக் குடும்பமும் ஊருமே தர வேண்டியிருக்கிறது. இது நம் ஊருக்குத் தெரியாத பழக்கமன்று. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் கஞ்சி தூக்குவாளிகளில் தெருத்தெருவாகச் செல்வதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அக்கஞ்சி, பல்லில்லாத முதியவருக்கு நாங்கள் எழுதித் தரக்கூடிய எந்த உணவுக்கும் குறைந்ததன்று. ஆண்டில் ஒரு மாதம் மட்டும்தான் அது கிடைக்கிறது என்பதே எங்கள் வருத்தம்.

வெப்பமும் நேரமும்

சமைத்த உணவு நம் கடற்கரை வெப்பத்தில் விரைவில் கெடும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரைப்படி, சமைத்த உணவு இரண்டு மணி நேரத்திற்கு மேல் அறை வெப்பத்தில் இருத்தலாகாது. சூடாக வைப்பதாயின் 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிரூட்டுவதாயின் 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். இராமநாதபுரத்தில் சமைத்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கடந்து இராமேசுவரத்தில் கொடுக்கும் ஏற்பாட்டை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அடுத்த தெருவில் சமைப்பவரே மேல்.

சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. “சுட வைத்துத்தான் சாப்பிட்டார்” என்று உறவினர் சொல்வது இதனால் ஆறுதல் தருவதில்லை. பழைய சோற்றை நாங்கள் குறை கூறவில்லை. ஆறிய வெறுஞ்சோற்றை நல்ல நீரில் ஊறவைத்து மறுநாள் காலையிலேயே உண்பது வேறு. சாம்பார் கலந்து, பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டு, மதியம் முதல் இரவு வரை சாளரத் திண்டில் வைத்த சோறு வேறு. இரவுக்கும் ஒரு பங்கு வேண்டுமெனில், உணவு வந்தவுடனேயே அதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிற்கு இரு வேளையாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். செலவு சற்று மிகும். ஆயினும் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் கிடக்கும் செலவைவிடக் குறைவு.

மீனிலும் இத்தகைய ஆபத்து ஒன்று உண்டு. சூரை, அயிலை போன்றவற்றைப் பிடித்ததும் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். அதுவும் சமைத்தால் போகாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலைவலி, உடம்பில் தடிப்பு ஆகியவை தோன்றும். உணவு தருபவர் மீனைக் கரையிலேயே அன்றன்று வாங்குகிறாரா என்று கேட்பதில் தவறில்லை. பார்வை மங்கியவருக்கு முள் நிறைந்த சாளையும் சூடையும் வேண்டாம். சுறாப்புட்டு மென்மையானது, முள்ளற்றது, மெல்ல எளிது. சமைத்த வேளையிலேயே உண்டுவிட வேண்டும் என்பதே அதன் கட்டுப்பாடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் விலை ஏறும்; பார்சலில் மீன் குறைந்து கருவாடு இடம்பிடிக்கும். நாளொன்றுக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டியவர்க்கு, கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த ஒரு சாப்பாடே மிகை. இதய நோயாளிகளின் கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் இவ்வாறு மிகுவதுண்டு. அம்மாதங்களில் முட்டை, சுண்டல், பாசிப்பயறு, தயிர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். உப்புக் குறைந்த குழம்புக்கு எலுமிச்சையும் மிளகும் கொத்தமல்லியும் சுவை கூட்டும். கடைகளில் ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

இன்னொன்று சிறியதாகத் தோன்றும். ஆனால் பலரைப் பட்டினி போடுவது. முடக்குவாதத்தால் விரல் மடங்கிய முதியவரால் டிபன் கேரியரின் இறுகிய கொக்கியைத் திறக்க முடிவதில்லை. சுடு சாம்பாரைப் பையில் கட்டிய முடிச்சையும் அவிழ்க்க முடிவதில்லை. பல்லால் கடித்து இழுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நாங்கள் கட்டுப் போட்டிருக்கிறோம். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள்களும் பைகளும் 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. எளிதில் கழலும் மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணங்களை இரு தொகுதி வாங்கிக் கொடுத்து, கொண்டுவருபவரே திறந்து தட்டில் வைத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுவருபவரின் கண்கள்

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவுக்காகப் பதிந்து காத்திருந்த முதியோரைப் பிரித்து, சிலருக்கு நாள்தோறும் நேரில் உணவும், சிலருக்கு வாரம் ஒருமுறை உறைய வைத்த உணவுப் பொதியும் கொடுத்துப் பார்த்தனர். நாள்தோறும் ஒருவர் வந்து சென்ற வீட்டினரிடம் தனிமையுணர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. எங்களுக்கு இது வியப்பளிக்கவில்லை. உணவைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடுபவரைவிட, “அப்பத்தா, நேத்து ராத்திரிச் சோத்தைத் தின்னீகளா, வச்சிருக்கீகளா?” என்று அதட்டிக் கேட்கும் பெண் மருத்துவ நோக்கில் மதிப்பு மிக்கவர். “பசிக்கல தாயி, அப்புறமாத் தின்னுக்கிறேன்” என்ற விடை இரண்டு நாள் தொடர்ந்தால் அவர் அதை யாரிடமேனும் சொல்ல வேண்டும். யாரிடம் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை நெடுநேரம் பேசுவதினும், நாள்தோறும் அவர் உண்ணும் வேளையில் பத்து நிமிடம் காணொளியில் உடனிருங்கள். கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்தால் போதும். துணையிருந்தால் மனிதர் இரண்டு கவளம் கூடுதலாக உண்பார். தட்டில் என்ன இருக்கிறது என்பதும் உங்கள் கண்ணில் படும்.

பிள்ளைகள் இருந்தும் கவனிப்பாரற்ற பெற்றோர், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு அளித்துப் பராமரிப்புத் தொகை கோரலாம். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் உணவு கொண்டுவருபவரால் வர இயலாது போகும். மூன்று நாளுக்கான அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, பால்தூள், குளுக்கோஸ், குடிநீர் ஆகியவை எட்டும் உயரத்தில், ஈரம் படாத டப்பாவில் இருக்கட்டும். பரணில் வைத்தால் முதியவர் நாற்காலி மேல் ஏறுவார்.

வீட்டிற்கு அனுப்பும் நாளில் இனி எங்கள் செவிலியர் தங்களிடம் சில கேள்விகள் கேட்பார்: நாளை காலை உணவை யார் தருகிறார்? எத்தனை மணிக்கு? அவர் வராவிட்டால் அடுத்தது யார்? விடைகளையும் இரு தொலைபேசி எண்களையும் ஓர் அட்டையில் எழுதித் தருவோம். அதை மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி வையுங்கள். உணவு கொண்டுவருபவரிடமும் அதன் படி ஒன்று இருக்கட்டும். முந்தைய நாளின் கிண்ணம் திறக்கப்படாமல் இருப்பதைக் கண்டால், அடுத்த வீட்டிற்குப் போகும் முன் அவர் அந்த எண்ணை அழைக்கட்டும்.